ஓய்வு நாளும் நம் உரிமைதான்! கேமரன் மலையில் குடும்பத்தோடு ஒரு நடை



"லீவு எடுத்து என்னாங்க செய்யறது? வூட்ல குந்திக்கிட்டு இருக்கறதுக்கு வேலைக்குப் போனா நாலு காசாவது பாக்கலாம்." தோட்டந்தோறும் நாம் கேட்கிற பேச்சு இது. பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கடைக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை என்று நாலா பக்கமும் கழுத்தைப் பிடிக்கும்போது மனிதன் இப்படித்தான் பேசுவான். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் கணக்கு தப்பு. அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

தீபகற்ப மலேசியாவில் நமக்குக் காவலாக இருப்பது 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்கிறது அது. அதோடு சம்பளத்துடன் ஆண்டு விடுமுறையும் உண்டு. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள். இரண்டு ஆண்டு முடிந்து ஐந்துக்கு உட்பட்டவருக்கு 12 நாள். ஐந்தைத் தாண்டியவருக்கு 16 நாள். கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே செல்லும். பால் கணக்கிலும் குலைக் கணக்கிலும் கூலி வாங்குகிறவருக்கும் இது உண்டு. முந்திய சம்பளக் காலத்தில் வாங்கியதை வேலை செய்த நாளால் வகுத்து, அந்தச் சராசரியைத் தர வேண்டும்.

ஓராண்டு வேலைக்கு உரிய விடுமுறையை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அது போய்விடும். நிர்வாகமே கேட்டு, நீங்களும் எழுத்தில் சம்மதித்து வேலை செய்தால்தான் அதற்குப் பதில் காசு. வெறும் வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால் நாளும் போச்சு, காசும் போச்சு. இன்னொன்று: காரணமும் அனுமதியும் இல்லாமல் வேலை நாளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் மட்டம் போட்டால் அந்த ஆண்டின் விடுமுறையே கிடையாது. ஆகவே அவசரத்துக்கு மட்டம் போடுவதைவிட, முன்கூட்டி எழுதிக் கேட்டு விடுமுறை எடுப்பதே புத்திசாலித்தனம்.

சரி, எடுத்து என்ன செய்வது? அதற்குப் பதிலாகத்தான் இந்த வாரக் கட்டுரை.

தொழிலாளியின் கால் எங்கே நடக்கலாம்?

குடும்பத்தோடு நாலு இடம் நடந்து பார்த்துவிட்டு வருவது சின்ன விஷயமாகத் தோன்றும். நம் பாட்டன் காலத்தில் அது சின்ன விஷயமல்ல. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்றார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் போக வேண்டும் என்றார்கள். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்து போக வேண்டும் என்றார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின.

எங்கே நடக்கலாம், யாரைப் பார்க்கலாம், எப்போது ஓயலாம் என்பதெல்லாம் ஒரு காலத்தில் நம் கையில் இல்லை. பிறகு 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு சட்டம் வந்தது. விடுமுறை நாள் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இனாம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அதைச் சொல்வதற்கு வீட்டுத் திண்ணையைவிட மலையுச்சி நல்ல இடம்.

கீழ்ப் பேராக்கிலிருந்து மலைக்கு

சென்ற பள்ளி விடுமுறையில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து பதினொரு குடும்பங்களோடு நாமும் கேமரன் மலைக்குப் போய் வந்தோம். கீழ்ப் பேராக் தட்டை நாடு. அங்கே பிறந்த பிள்ளைக்கு மலை என்பது தூரத்தில் தெரியும் நீலக் கோடு, அவ்வளவுதான். தாப்பாவிலிருந்து மலையேறினால் அறுபது கிலோமீட்டரில் தானா ராத்தா. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தப் பதினொரு குடும்பத்தில் எட்டுக் குடும்பம் அதுவரை மலை பார்த்ததில்லை!

1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்த மலைப் பகுதியை அளக்க வந்தார். அவர் பெயரே மலைக்கு நின்றுவிட்டது. இடம் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. வழியோ பேராக் வழி. இப்போது சிம்பாங் பூலாயிலிருந்தும் அகலமான சாலை இருக்கிறது. அதில் வளைவு குறைவு. தாப்பா சாலை பழையது, வளைவுக்கு மேல் வளைவு. வயிற்றைப் பிரட்டும். காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையும் இஞ்சி மிட்டாயும் கையில் இருக்கட்டும்.

பாதி வழியில் லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி சாலையோரத்திலேயே கொட்டுகிறது. அங்கே இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளலாம். அந்தச் சாலையோரத்தில் பெத்தாய், மூங்கில், காட்டுத் தேன் வைத்து விற்பவர்கள் செமாய் இனத்து ஓராங் அஸ்லி மக்கள். துரைமாரும் கங்காணிமாரும் வருமுன்னே இந்த மலை அவர்களுக்கு வீடு. பேரம் பேசும்போது அதை நினைவில் வையுங்கள்.

முதல் பார்வை: பச்சை மேசை

ரிங்லெட்டைத் தாண்டித் தானா ராத்தாவுக்குப் போகும் வழியில் சாலையோரத்திலேயே தேயிலைப் பள்ளத்தாக்கு ஒன்று விரிகிறது. 1933இல் தொடங்கிய பாரத் தேயிலை நிறுவனத்தின் தோட்டம் அது. அங்கே நின்று தேநீர் குடித்துக்கொண்டே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் கத்திய கத்தலில் டிரைவர் அண்ணனே சிரித்துவிட்டார். மலைக்கு யாரோ பச்சைப் பாய் விரித்து, அதில் வளைவு வளைவாகக் கோடு கிழித்து வைத்தது போல் இருந்தது.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நம்மைக் கேட்டான்: "மாமா, இது தானாவே இப்படி மட்டமா வளருமா?"

நல்ல கேள்வி. பெரியவர்களிலும் பலருக்கு இது தெரியாது. தேயிலை உண்மையில் செடி அல்ல, மரம். விட்டுவிட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து காடாகிவிடும். இடுப்பளவிலேயே நிற்கிறது என்றால், கொழுந்து கிள்ளிக் கிள்ளியும், சில ஆண்டுக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டியும் மனிதர்கள் அதை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கை எட்டுகிற உயரம் எதுவோ அதுதான் தேயிலையின் உயரம். நடுவில் ஓடும் அந்த அழகான கோடுகள்? கொழுந்து எடுப்பவர்கள் நடந்து போகும் தடங்கள். நம் செம்பனைக் காட்டில் குலை தூக்கிப் போகும் பாதை மாதிரிதான்.

"அப்ப இத யாரு வரைஞ்சா?" என்றான் பையன்.

"வேல செஞ்சவங்க" என்றோம்.

சுற்றுலாப் படங்களில் இந்த மலையைப் பார்த்திருப்பீர்கள். 'இயற்கையின் எழில்' என்று அதன் கீழே போட்டிருப்பார்கள். இயற்கை கொடுத்தது மலையையும் மழையையும். அந்தப் பச்சையை மட்டமாக்கியது மனிதக் கை. காட்டை அழித்துக் கன்று நட்ட காலத்தில் அந்தக் கைகளில் பல நம்முடைய கைகள்.

தானா ராத்தா: ஊரைச் சுற்றி ஒரு நடை

தானா ராத்தா என்றால் மலாயில் தட்டை நிலம். மலைக்கு நடுவே கிடைத்த கொஞ்சம் சமநிலத்தில் ஒரு கடைத்தெரு, பள்ளிகள், மருத்துவமனை, பூங்கா. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர். மேலே ஏற ஏறக் குளிர் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு பாகை அளவில் வெப்பம் குறைகிறது. கீழே வெயிலில் வியர்த்து வந்தவர்கள் இங்கே இறங்கியதும் துண்டைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். தமிழ்ப் பள்ளியும் இங்கே இருக்கிறது. ரிங்லெட்டிலும் இருக்கிறது. மலையில் நம் இனம் இன்றும் ஊன்றி நிற்பதற்கு அடையாளம் இந்தப் பள்ளிகள்.

ஊரைச் சுற்றிக் காட்டுப் பாதைகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான்காம் எண் பாதை ஏற்றது. ஊர்ப் பக்கமிருந்தே ஏறி, பாரிட் நீர்வீழ்ச்சி வரை கொஞ்ச நேர நடை. நம்மோடு வந்த எழுபது வயதுப் பெரியவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாற்பது ஆண்டு பால் மரம் வெட்டிய கால் அல்லவா? மூச்சு வாங்கியது கைப்பேசியே கதி என்று கிடக்கும் இளைஞர்களுக்குத்தான்!

பாதையில் மரம்போல் உயர்ந்த பெரணி, மரமெல்லாம் பாசி, காலுக்கடியில் மெத்தென்ற சருகு. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள். அருவியும் வந்தது. பெரிய அருவி அல்ல. நாம் போன அன்று பிளாஸ்டிக் பாட்டிலும் பொட்டலத் தாளும் ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீரும் கலங்கல்தான். நம் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் யாரும் சொல்லாமலே ஒரு பையை விரித்துக் குப்பையைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். "நம்ம குப்பை இல்லையே" என்றார் ஒருவர். "நம்ம நாடுதானே அங்கிள்" என்றது ஒன்று. அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவரும் குனிந்தார்.

கால் வலுவுள்ள இளைஞர்கள் பத்தாம் எண் பாதையில் ஜாசார் மலைக்கு ஏறலாம். 1,600 மீட்டருக்கு மேல் உயரம். உச்சியிலிருந்து ஊர் கீழே தெரியும். ஆனால் அது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற பாதை அல்ல.

ஓர் எச்சரிக்கை. 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர் பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் தானா ராத்தா பங்களா ஒன்றிலிருந்து உலாவப் போனார். திரும்பவில்லை. போலீசும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகளும் ஊர் மக்களும் காட்டைச் சலித்துப் பார்த்தார்கள். இன்றுவரை தடயம் இல்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கூட்டமாகப் போங்கள். தலை எண்ணிப் போய்த் தலை எண்ணித் திரும்புங்கள். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது நமக்குப் புதிதா என்ன?

சுங்கை பாலாஸ்: பள்ளத்தாக்கின் மேல் ஒரு மேடை

தானா ராத்தாவைத் தாண்டிப் பிரிஞ்சாங், அதற்கும் மேலே கியா பார்ம் சந்தை. காய்கறியும் ஸ்ட்ராபெரியும் குவிந்து கிடக்கும் மலையூர் அது. அந்தப் பக்கம் பிரியும் ஒடுங்கிய சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று இது.

ஒரு வண்டி வந்தால் இன்னொரு வண்டி ஒதுங்க வேண்டிய சாலை. பஸ்ஸை மேலேயே நிறுத்திவிட்டு, முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வேன் பேசிவிட்டு, மற்றவர்கள் நடந்தோம். இந்த நடைதான் அன்றைய நாளின் உயிர். இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொடுகிற தேயிலை. ஒரு வளைவில் மூடுபனி வந்து ஆளையே மறைக்கும். அடுத்த வளைவில் வெயில். வழியில் தொழிலாளர் லயங்கள், கொடியில் காயும் துணி, சின்னக் கோயில். "நம்ம எடம் மாதிரியே இருக்கு" என்றார் ஒரு அக்கா.

முடிவில் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக் கட்டிய பார்வை மேடை. காலுக்குக் கீழே மலை சரிந்து போகிறது. எதிர் மலையில் தேயிலை அலை அலையாக எழுகிறது. பக்கத்திலேயே ஆலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, சூட்டில் காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். நாம் காலையில் ஊதி ஊதிக் குடிக்கிற ஒரு குவளைத் தேநீருக்குப் பின்னால் எத்தனை முறை விரல் மடங்கியிருக்கும்!

நிமிர்ந்து பார்க்காத மலை

அந்த அக்காவின் தாயார் மலையில் பிறந்து, கீழ்ப் பேராக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவராம். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மலையில் எந்தத் தோட்டம் என்று மகளுக்குத் தெரியாது. மாலையில் பிரிஞ்சாங் தேநீர்க் கடையில் எண்பதை நெருங்கும் பாட்டி ஒருவரைக் கண்டோம். முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இவ்ளோ அழகான எடத்துல வேல செஞ்சிருக்கீங்களே பாட்டி, குடுத்து வெச்சவங்கதான்" என்றார்.

பாட்டி சிரித்தார். "அழகா? நாங்க எங்கம்மா நிமிந்து பாத்தோம்? கண்ணு கொழுந்து மேலயே நிக்கும். முதுகுல கூடை, தலையில கயிறு. மழ பேஞ்சா ரப்பர் துணிய இடுப்புல சுத்திக்கிட்டு நிப்போம். கால்ல அட்ட ஏறினது வீட்டுக்கு வந்தாத்தான் தெரியும். நிறுவைக்குக் கொண்டு போனா ஈரக் கொழுந்துன்னு கழிச்சுக்குவாங்க. மழ பேஞ்சா கொழுந்து காஞ்சா இருக்கும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "போன வருஷம் பேரன் என்னைய அந்த மேடைக்குக் கூட்டிட்டுப் போனான். மேல நின்னு பாத்தேன். அடேயப்பா, நாம இங்கியா இருந்தோம்னு இருந்துச்சு."

தோழர்களே, இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நமக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. முப்பது ஆண்டு உழைத்த மலையை ஒரு மனுஷி முதல் முறையாகப் பார்த்தது வேலைவிட்டு இளைப்பாறிய பிறகு! பார்ப்பதற்கும் நேரம் வேண்டும். நேரத்தை யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. அதனால்தான் விடுமுறையை விட்டுவிடாதீர்கள் என்று இத்தனை வற்புறுத்துகிறோம்.

அக்கா போகும்போது பாட்டியின் கையைத் தொட்டுப் பார்த்தார். "எங்க அம்மா கையும் இப்படித்தான் இருக்கும், கட்டவெரலு ஓரம் கறுத்துப் போயி" என்றார்.

இன்று அங்கே யார்?

கை கிள்ளல் குறைந்துவிட்டது. கத்தரிக்கோல் வந்தது. சரிவு குறைந்த இடங்களில் இரண்டு பேர் இருபுறமும் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. கொழுந்து சுமப்பவர்களில் பெரும்பாலோர் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். கடன் வாங்கி வந்து, வீட்டுக்குக் காசு அனுப்பி, பிள்ளை முகத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பாட்டன் கப்பல் ஏறி வந்த கதையிலிருந்து இது எவ்வளவு தூரம்?

நம் இளைஞன் ஒருவன் மூட்டை சுமந்து வந்த தொழிலாளியைப் படம் பிடிக்கக் கைப்பேசியை நீட்டினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையனைத் தனியே அழைத்துச் சொன்னோம்: "தம்பி, நீ குலை வெட்டும்போது முன்பின் தெரியாத ஒருத்தன் காரை நிறுத்திப் படம் பிடிச்சா உனக்கு எப்படி இருக்கும்? முதல்ல வணக்கம் சொல்லு. கேட்டுட்டுப் பிடி. வேண்டாம்னா விட்டுடு." பையன் புரிந்துகொண்டான். போய்க் கை குலுக்கினான். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். படம் எடுக்கவில்லை.

மேடையிலிருந்து பார்த்தால் தேயிலை தெரியும். மலைச் சாலையில் மற்ற இடங்களிலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், நடுநடுவே சிவப்பாக உரிந்த மண். மரத்தை அழித்த சரிவில் மழை பெய்தால் மண் ஆற்றுக்குப் போகிறது. ரிங்லெட் ஏரியின் சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் கட்டி முடிந்தது. அந்த நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்ந்து சேர்ந்து கொள்ளளவே குறைந்து போனது. 2013 அக்டோபரில் கனமழையில் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மலை உச்சியில் செய்த காரியத்துக்கு ஆற்றோரத்தில் குடியிருந்தவர்கள் விலை கொடுத்தார்கள். இதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அழகை மட்டும் காட்டிவிட்டு வந்தால் பாதிதான் காட்டியதாகும்.

புறப்படுமுன் சில வார்த்தைகள்

முதலாவது, தாய்மார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோறு ஆக்கி, இடையில் பிள்ளை பார்த்து, இரவு வந்து பாத்திரம் கழுவினால் அது அவர்களுக்கு ஓய்வு நாளா? நம் பயணத்தில் கட்டுச்சோறு ஆக்கும் வேலையை இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். புளிச்சோற்றில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் தாய்மார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வந்ததே பெரிய காரியம் என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

செலவு. தனித்தனியாகப் போனால் கை கடிக்கும். பத்துக் குடும்பம் சேர்ந்து மாதா மாதம் ஆளுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கி வைத்தால் பஸ் வாடகை யாருக்கும் பாரமாகாது. கணக்கை இரண்டு பேர் எழுதட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் ஒரு தேநீர் வாங்கிக் குடியுங்கள்.

நேரம். பெரும்பாலும் பிற்பகலில் மழை இறங்கும், மூடுபனி பார்வையை மறைக்கும். இருட்டோடு புறப்பட்டுக் காலையிலேயே மலையேறிவிடுங்கள். தொடர் விடுமுறை நாட்களில் சாலையில் வண்டி நகராது. வார நாளில் ஆண்டு விடுமுறை எடுத்துப் போவதே மேல். சுங்கை பாலாஸ் தேநீர் நிலையம் திங்கட்கிழமை மூடியிருப்பது வழக்கம். விசாரித்துவிட்டுப் போங்கள். பிரிஞ்சாங் மலையுச்சிப் பக்கத்துப் பாசிக் காட்டுக்குப் போக நினைப்பவர்கள் திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று முன்பே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடை. ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை, மழைச் சட்டை. சிலிப்பர் போட்டுக் காட்டுப் பாதையில் இறங்காதீர்கள். வழுக்கும். கொஞ்சம் உப்பு இருந்தால் அட்டைக்கு ஆகும். ரத்த அழுத்தம், இனிப்பு நீர், இளைப்பு உள்ளவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம். அவர்கள் மேட்டில் வேகமாக ஏறவும் வேண்டாம்.

செடியைப் பறிக்காதீர்கள். கொண்டு போன குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். தேயிலை நிரைக்குள் படம் எடுக்க இறங்காதீர்கள். நம் வெட்டுக் காட்டில் யாராவது இறங்கி மரத்தைக் கீறினால் பொறுப்போமா?

இவ்வளவும் ஆசை காட்டுவதற்காக எழுதவில்லை. காரியம் நடக்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகப் போடுங்கள். தேதியைக் குறியுங்கள். எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் வேலை தடைப்படும் என்று நிர்வாகம் சொல்லலாம். அதிலும் நியாயம் உண்டு. இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், நகலை வீட்டில் வையுங்கள். இந்த ஆண்டு உங்களுக்கு எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்று நாளைக் காலையிலேயே ஆபீசில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

மலை அங்கேயேதான் இருக்கும். நாட்கள்தான் காலாவதியாகும்.